தூக்கிப் போட்ட ஸ்ட்ரட்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஸ்ட்ரட்டைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் முதலாளி கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். ஓய்வு பெற்ற மெக்கானிக்கிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் மிக்சி நின்றால்கூட என் மனைவி அதைக் கடைக்குத்தான் கொண்டுபோகிறாள். நான் பிரித்து மாட்டினால் திருகாணி மிச்சமாகிவிடுமாம்.

எந்த நட்டை எந்தப் பக்கம் திருகுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு உங்கள் கைபேசியில் ஆயிரம் வீடியோ ஓடுகிறது. அதில் பேசுகிறவர்கள் என்னைவிட வெள்ளையான சட்டை போட்டிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒரு கல்யாணக் கதை. கொல்லிமலையில் ஒரு கல்யாணம் நடக்குமா நிற்குமா என்பது ஒரே ஒரு ஸ்ட்ரட்டில் வந்து நின்றது. அந்த ஸ்ட்ரட்டை என் மச்சான் தூக்கிப் போட்டுவிட்டான்.

கதை புரிய ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். காரின் முன்சக்கரத்துக்கு மேலே ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதன் நடுவே எண்ணெய் அடைத்த ஒரு குழாய், தலையில் ஒரு ரப்பர் மூடி. இத்தனையும் சேர்ந்ததுதான் ஸ்ட்ரட். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் குதிக்கும். குதிப்பது அதன் பிறவிக்குணம், அதைக் குறை சொல்லக் கூடாது. "போதும், உட்கார்" என்று அதை அடக்குவது குழாய்க்குள் இருக்கும் எண்ணெய். அந்தக் குழாய் செத்துப்போனால் ஸ்பிரிங்கைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை, அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். ஆடும் வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் வயிறும் சேர்ந்து ஆடும்.

இனி மாப்பிள்ளைக்கு வருகிறேன். வளப்பூர் நாட்டுக்காரர் (மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்), பெயர் பெரியசாமி. பெயரில் மட்டும்தான் பெரிய. காரில் உட்கார்ந்தால் எதிரே வருகிறவருக்கு ஸ்டீயரிங்கும் இரண்டு கண்ணும்தான் தெரியும். மிளகுத் தோட்டமும் பலா மரங்களும் வைத்திருந்தார், ஆளை வைத்து வேலை வாங்காமல் தானே பாடுபடுகிறவர். பழைய கார் ஒன்று வாங்கி அதில் பலாப்பழத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவார். பின்சீட்டில் பழத்தை உட்காரவைத்து, வளைவில் உருளாமல் இருக்க அதற்கு சீட் பெல்ட் போட்டுவிடுவார். தான் போடமாட்டார். போலீஸ்காரர் நிறுத்தியபோது, "பழம் உருண்டா அடிபட்டுப் போயிருங்க, நான் உருள மாட்டனுங்க" என்று சொன்ன மனிதர் அவர்.

பெண் கோமதி, மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் வீடு. தினமும் பஸ்ஸில் ஏறி வந்து வேலை பார்த்துவிட்டு இறங்கிப் போவாள். பெரியசாமி கையில் அரிவாள் பட்டுத் தையல் போட வந்ததில் தொடங்கியது விஷயம். காயம் ஆறிய பிறகும் கட்டு மாற்ற வந்துகொண்டே இருந்தாராம். இரண்டு வீடும் ஒரே ஜனம், ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணுக்கும் பையனுக்கும் சம்மதம். ஒரே தடை, கோமதியின் அம்மா நல்லம்மாள்.

நல்லம்மாளுக்குப் பெரியசாமி மேல் கோபம் ஒன்றும் இல்லை. கோபமெல்லாம் ரோட்டின் மேல். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு அது. மாப்பிள்ளை வீடு பார்க்க நல்லம்மாள் இரண்டு தடவை பஸ் ஏறினார். இரண்டு தடவையும் பாதி மலையில் தலைசுற்றி, வாந்தி எடுத்து, இறங்கி, வளைவுக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே இறங்கி வந்த பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

"அம்மா, நான் தெனமும் போயிட்டு வாரேன், எனக்கென்ன ஆச்சு?" என்று கோமதி கேட்டாளாம்.

"நீ போவ கண்ணு. எனக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா நீ எறங்கி ஓடியாந்துருவ. உனக்கு ஒண்ணுன்னா? நாளைக்கு உனக்கு வலி எடுத்துக் கெடந்தா நான் எப்படி வாரது? நான் வர முடியாத ஊருக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்."

கோமதி அழுதாள். பெரியசாமி நேராக என் பட்டறைக்கு வந்தார். அப்போது செம்மேட்டுப் பக்கம் நானும் என் மச்சானும் பட்டறை நடத்திக்கொண்டிருந்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கை வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் காதுக்கும் கைக்கும் நடுவில் மூளை என்று ஒன்று இருப்பது அவனுக்குச் சில நேரம் மறந்துவிடும்.

"ஏனுங்ணா, வர்ற சந்தை நாளன்னிக்கு அந்தம்மாள நானே கார்ல கூட்டியாரேன்னு சொல்லிப்போட்டேன். இதுதான் கடைசித் தடவைன்னுட்டாங்க. இந்தத் தடவையும் வாந்தி எடுத்தா வேற எடம் பாத்துருவாங்க. வண்டியப் பஞ்சாட்டம் பண்ணிக் குடுங்க."

வண்டியை ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் நன்றாக இருந்தது. பலாப்பழம் ஏற்றி ஏற்றி ஏற்கெனவே கெட்டுப்போய், போன வருடம்தான் அங்கே புதிது போட்டிருந்தார். முன்பக்கம் இரண்டும் செத்துக் கிடந்தன. ஒரு பள்ளத்துக்கு ஒரு தரம் தலையாட்டினால் அது மரியாதை. இந்த வண்டியோ பள்ளத்தைத் தாண்டிப் போன பிறகும் "ஆமாங்க ஆமாங்க" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தது. எனக்கே குமட்டியது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் பஞ்சு கேட்பார். எல்லாரும் பஞ்சுதான் கேட்பார்கள். ஆனால் மலைரோட்டில் வயிற்றைப் புரட்டுவது அடி அல்ல, அடிக்குப் பிறகு வரும் ஆட்டம். ஒரு குலுக்கல் குலுக்கி அத்தோடு நின்றுவிட்டால் மனிதன் தாங்கிக்கொள்வான். தொட்டில்போல் ஆடிக்கொண்டே போனால் தாங்க மாட்டான். அதனால் கொஞ்சம் இறுக்கமான ஸ்ட்ரட்டுக் குழாய் இரண்டு, தலை ரப்பர் இரண்டு வேண்டும் என்று நாமக்கல்லுக்குப் போன் போட்டேன். எப்போதும்போல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார்கள். ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங், அதையே புதுக் குழாயில் மாட்டிக்கொள்ளலாம். பஞ்சு இல்லை, இறுக்கம்தான் என்று பெரியசாமியிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே தூக்கத்தை விட்டிருப்பார்.

சந்தைக்கு முந்தின நாள் வேலையை ஆரம்பித்தோம். வலது பக்க ஸ்ட்ரட்டை அப்படியே முழுசாகக் கழற்றி மேடைமேல் வைத்தேன். குழாயைப் பிரிக்க ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வேண்டும். எங்கள் கிளாம்பை இன்னொரு பட்டறைக்காரர் வாங்கிப் போயிருந்தார். அதை வாங்கி வரக் கிளம்பினேன். போகும்போது மச்சானிடம், "போன் வந்தா எடுத்துப் பேசு" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

திரும்பி வந்தால் மேடை காலி. மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"மச்சான், வலது பக்க ஸ்ட்ரட் எங்க?"

"தூக்கிப் போட்டாச்சுங்க மாமா." குரலில் அப்படி ஒரு பெருமை.

"எங்க தூக்கிப் போட்ட?"

"பழைய இரும்பு வண்டி வந்துச்சுங்க. அதுல போட்டுட்டேன். பேரீச்சம்பழம் குடுத்தாங்க. நல்லாருக்குதுங்க மாமா, கொட்டைகூடச் சின்னது." கையில் இருந்த பொட்டலத்தை என்னிடம் நீட்டினான்.

"யாருடா போடச் சொன்னது?"

"பெரியசாமியண்ணன்தான் போன் பண்ணுச்சு. அரியூர் நாட்டுல தங்கச்சி ஊட்ல இருக்குதாம். சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு. 'வலது பக்கம்... தூக்கிப் போடுங்க, பாத்துக்குங்க'ன்னு தெளிவாச் சொல்லுச்சுங்க."

நான் பெரியசாமிக்குப் போன் போட்டேன். சிக்னலுக்காக ஏதோ பாறைமேல் ஏறி நின்று பேசினார் பாவம்.

"ஆமாங்ணா, சொன்னேன். வண்டி ஓட்டயில வலது பக்கம் ரொம்பத் தூக்கித் தூக்கிப் போடுதுங்க, பாத்துக்குங்கன்னு சொன்னேன்."

இப்போது புரிகிறதா? அவர் சொன்னது "தூக்கிப் போடுதுங்க". இவன் காதில் விழுந்தது "தூக்கிப் போடுங்க". நடுவில் ஒரே ஒரு 'து' சிக்னலில் விழுந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் "தூக்கிப் போடுது" என்று மொட்டையாகச் சொல்லியிருப்பார்கள், ஒரு குழப்பமும் வந்திருக்காது. எங்கள் பக்கம் எதற்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். அந்த மரியாதைதான் அன்றைக்கு ஸ்ட்ரட்டை இரும்பு வண்டியில் ஏற்றியது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வாயில் பேரீச்சம்பழத்தோடு அவன் முழித்த முழியைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு முடிந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாயும் ரப்பரும் புதிதாக இருக்கின்றன, ஆனால் வலது பக்க ஸ்பிரிங் அந்த வண்டியில் போய்விட்டது. மறுநாள் காலையில் நல்லம்மாள் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

"மாமா, பின்னாடி கெடக்குற பழைய கார்ல ஒரு ஸ்பிரிங் இருக்குதுங்க. பாத்தா அதே அளவுதான். அதை மாட்டிவுட்ரலாம், யாருக்குத் தெரியும்?" என்றான் மச்சான்.

தம்பிகளே, தங்கைகளே, அவசரத்தில் நம்மைக் கெடுப்பது எப்போதும் இந்த "யாருக்குத் தெரியும்"தான். அந்த ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தேன். உயரம் ஏறக்குறைய சரிதான், ஆனால் கம்பி கொஞ்சம் தடிமன். மாட்டினால் மாட்டியிருக்கும், வண்டியும் ஓடியிருக்கும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மலையில் வண்டி இடது பக்கம் திரும்பும்போது ஒரு மாதிரியும், வலது பக்கம் திரும்பும்போது வேறு மாதிரியும் சாயும். நமக்கு யாருக்கும் அது தெரியாது என்பது உண்மைதான். நல்லம்மாளின் வயிற்றுக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று கீழே வைத்தேன்.

"மொபெட்ட எடுறா" என்றேன்.

மச்சானின் மொபெட் தேங்காய் மூட்டை ஏற்றப் பிறந்தது. அதில் அவன் முன்னால், நான் பின்னால், என் மடியில் பேரீச்சம்பழப் பொட்டலம். எதற்கு அதைக் கொண்டுபோனேன் என்று கேட்காதீர்கள், கையில் இருந்தது, வைக்க இடம் தேடவில்லை. இரும்பு வண்டி சந்தைக்குப் போகிற வண்டி, எப்படியும் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். இரண்டு வளைவு இறங்கியதுமே கீழே இருந்து குழாய் ரேடியோச் சத்தம் கேட்டது: "பழைய இரும்பு, பித்தளை, ஈயம், உடைஞ்ச பிளாஸ்டிக் குடத்துக்குப் பேரீச்சம்பழம்..."

சத்தம் பக்கத்தில்தான் கேட்கும், வண்டி எங்கோ இருக்கும். அதுதான் கொண்டை ஊசி வளைவு. எட்டிப் பார்த்தால் காலுக்குக் கீழே வண்டியின் தார்ப்பாய் தெரியும், தார்ப்பாய்க்குள் என் ஸ்பிரிங் இருக்கிறது என்றும் தெரியும், ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது அது அடுத்த வளைவுக்குக் கீழே "உடைஞ்ச பிளாஸ்டிக் குடத்துக்கு" என்று பாடிக்கொண்டிருக்கும். மச்சான் ஹாரன் அடித்தான். அந்த ஹாரன் கோழிக்குஞ்சு கத்துவதுபோல் இருந்தது. நான் "ஏய் நிறுத்துங்க" என்று கத்தினேன். மேலேறி வந்த பஸ்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து நிறுத்திவிட்டார். "ஏனுங்க, எங்க போகோணும்?" என்றார் கண்டக்டர். "கீழ" என்றேன். "இது மேல போற வண்டிங்க" என்று பொறுமையாகச் சொன்னார். அதற்குள் ரேடியோ இன்னும் இரண்டு வளைவு இறங்கிவிட்டது.

எங்களைக் காப்பாற்றியவை குரங்குகள். ஒரு வளைவில் இரும்பு வண்டிக்காரர் தண்ணீர் குடிக்க வண்டியை நிறுத்தியிருக்கிறார். பேரீச்சம்பழப் பெட்டியை மூடவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது வண்டிமேல் ஒரு குடும்பமே உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மனிதர் கீழே நின்று துண்டை வீசுகிறார், அவை பல்லைக் காட்டுகின்றன, ரேடியோ விடாமல் "பேரீச்சம்பழம், பேரீச்சம்பழம்" என்று இன்னும் சொந்தங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

"முதல்ல அதை நிறுத்துங்க!" என்று மச்சான் கத்தினான்.

ரேடியோவை நிறுத்தி, குரங்குகளை விரட்டி, இரும்புக் குவியலைக் கிளறினோம். ஒரு பழைய கலப்பைக்கும் ஓட்டைக் கொப்பரைக்கும் அடியில் கிடந்தது என் ஸ்ட்ரட். குழாய்க் கம்பி வளைந்திருந்தது, அது எப்படியும் வேண்டாத பொருள். ஸ்பிரிங்கைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அந்த ரோட்டோரத்தில் நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, போகிற வருகிற வண்டிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

"பழத்தைத் திருப்பிக் குடுத்துட்டு எடுத்துக்குங்க" என்றார் இரும்புக்காரர், ரொம்ப முறையாக.

நான் பொட்டலத்தை நீட்டினேன். பாதிதான் இருந்தது. அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவர் காலிப் பெட்டியைப் பார்த்தார், மரத்தில் உட்கார்ந்திருந்த குரங்குகளைப் பார்த்தார், அப்புறம் சிரித்தே விட்டார். "நீங்க தின்னது என்னத்துக்குங்க கணக்கு, போங்க" என்றார். நாங்கள் மூன்று பேரும் மிச்சப் பழத்தைப் பங்கிட்டுத் தின்றுவிட்டுக் கிளம்பினோம்.

அன்றைக்கே இரண்டு பக்கமும் மாட்டி முடித்தோம். ஒரு பக்கம் கெட்டாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸும் போட்டுக்கொண்டு யாரும் மலை ஏறுவதில்லை.

காலையில் பெரியசாமி வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு. வண்டியை முன்னால் அமுக்கிப் பார்த்தார். அது ஒரு தரம் எழுந்து நின்றுகொண்டது. அவர் முகம் செத்துவிட்டது.

"ஏனுங்ணா, பஞ்சாட்டம் கேட்டேன். பலகையாட்டம் பண்ணி வெச்சிருக்கீங்க!"

"பலகைதான் நல்லது. நம்பு."

"என்ற கல்யாணமுங்ணா இது!"

என் கணக்குத் தப்பினால் ஒரு பெண் அழுவாள், இந்த மனிதர் ஆயுசுக்கும் என் முகத்தில் முழிக்க மாட்டார். ஆனாலும் எனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு அவர் பயத்துக்குத் தகுந்த மாதிரி வேலை செய்தால் அப்புறம் நான் எதற்கு மெக்கானிக்? கதவைத் திறந்தேன். குப்பென்று ஒரு வாசனை மூக்கில் ஏறியது. பலாப்பழ வாசனையை மறைக்க, கண்ணாடிக்குப் பக்கத்தில் மல்லிகை வாசனை டப்பா ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். இரண்டும் கலந்து ஆளை அடித்தது. உண்மையிலேயே தூக்கிப் போட வேண்டியது அதுதான். தூக்கிப் போட்டேன்.

பெரியசாமி சாவி போடாமலே கியர் மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, நானே ஓட்டுகிறேன் என்றேன். எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் பிடித்துக்கொள்ள மச்சான். பேளுக்குறிச்சியில் சந்தைக் கூட்டத்தைத் தாண்டிப் போய் நல்லம்மாளை ஏற்றினோம். வைராக்கியமான முகம். கையில் அவரும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். பின்னால் கோமதி, பெரியசாமி, நடுவில் மச்சான்.

"தம்பி, மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றார் நல்லம்மாள், பின்னால் இருந்த பெரியசாமியிடம், திரும்பிப் பார்க்காமலே.

மெதுவாகத்தான் போனேன். வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கைப் போட்டு, வளைவுக்குள் காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரே இழுப்பாக இழுத்து விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். நல்ல ஸ்ட்ரட் போட்டுவிட்டு முரட்டுத்தனமாக ஓட்டினால் ஸ்ட்ரட் என்ன செய்யும்? ஐந்தாறு வளைவு போயிற்று. ஓரக்கண்ணால் பார்த்தேன், நல்லம்மாள் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வளைவு. பழம் மடிக்கு வந்துவிட்டது. எனக்குப் பாட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது.

அப்போது பின்னால் இருந்து "மாமா... நிறுத்துங்க" என்று ஒரு ஈனக்குரல்.

மச்சான். சந்தையில் காலையில் போண்டா, அதற்கு மேல் பால்கோவா, அதற்கு மேல் ஒரு கரும்புச்சாறு. கதவைத் திறந்து இறங்கி, வளைவுக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் தலையில் கை வைத்தேன். பெரியசாமி கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் ஒருவர் வாந்தி எடுத்தால் அதைப் பார்த்தே அடுத்தவருக்கு வரும், எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

நல்லம்மாள் இறங்கினார். நேராக மச்சானிடம் போனார். முதுகைத் தடவிக் கொடுத்தார், தன் எலுமிச்சம்பழத்தைக் கீறி அவன் மூக்கில் வைத்தார். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல, எனக்கும் இப்படித்தான் வரும். மூச்ச இழுத்து வுடு" என்றார். பிறகு என்னிடம், "இந்தப் பையன முன்னால உக்கார வெய்யுங்க, பின்னால உக்காந்தா புரட்டும். நான் பின்னால போறேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்சீட்டில் மகளுக்கும் பெரியசாமிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். காரிலேயே மோசமான இடம் அது, மச்சானைக் கவிழ்த்த இடம். அங்கிருந்து மேலே போன வளைவுகளில் எனக்கு வேர்த்த வேர்வை, சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு வரும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பெரியசாமி மூச்சே விடவில்லை. தான் மூச்சுவிட்டால் வண்டி ஆடிவிடும் என்று பயம். நல்லம்மாளோ முன்னால் எட்டி, "இப்ப எப்படி இருக்குது சாமி? கண்ண மூடாத, ரோட்டப் பாரு" என்று மச்சானுக்கு வழிநெடுகப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

இன்றைக்கு வரைக்கும் என் மச்சான், அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். ஸ்ட்ரட்டு இல்லையாம், அவன் எடுத்த வாந்தியாம். அந்தம்மாள் தன்னை மறந்தது அவனால்தானாம். நானும் யோசித்துப் பார்த்தேன், முழுக்க மறுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பின்சீட்டில் பழைய ஸ்ட்ரட்டோடு அவர் உட்கார்ந்திருந்தால் மச்சானுக்குப் பாடம் நடத்தத் தெம்பு இருந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

அதன்பிறகு எங்கள் பட்டறையில் "தூக்கிப் போடுது" என்ற பேச்சையே விட்டுவிட்டோம். குலுக்குது என்போம், அடிக்குது என்போம். போனில் யார் எது சொன்னாலும், "நீங்க சொன்னது இதுதானுங்களே?" என்று அவர்கள் சொன்னதை முழுசாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்போம். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அன்றைக்குக் கார் வளப்பூர் நாட்டுக்குள் நுழைந்து பெரியசாமியின் வீட்டு முன்னால் நின்றது. வாசலில் சொந்தக்காரர்கள் எல்லா ஏற்பாட்டோடும் காத்திருந்தார்கள். ஒருவர் கையில் சொம்புத் தண்ணீர், ஒருவர் கையில் விசிறி, நடு வாசலில் தலையணையோடு ஒரு கட்டில் போட்டிருந்தது. எல்லார் முகத்திலும் ஆஸ்பத்திரிக் கவலை.

நல்லம்மாள் இறங்கினார். சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கட்டிலைப் பார்த்தார். "யாருக்கு உடம்பு சொகமில்ல?" என்று கேட்டார்.

நான் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. கோமதி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லம்மாள் வீட்டைப் பார்த்தார், மிளகுக் கொடி ஏறியிருந்த மரங்களைப் பார்த்தார், வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"ஏனுங்க மாப்பிள்ளை," என்றார், காலையிலிருந்து தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்த அந்தம்மாள், "இத்தனை கிட்டக்கவா இருக்குது உங்க ஊடு?"

"கிட்டக்கத்தானுங்க அத்தை" என்று சொன்ன பெரியசாமி, போட்டிருந்த கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார்.